கல்யாண வீடியோ டைம்லைனில் திக்குகிறது: லேப்டாப்பை மாற்ற வேண்டுமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 11-ஆம் தலைமுறை ஐ-5, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப். மென்பொருள் பிரீமியர் புரோ. புது கேமராவில் 4கே, 25 ஃபிரேம், 10-பிட் எச்.265-இல் ஒகேனக்கலில் எடுத்த அவுட்டோர் ஷாட்கள் டைம்லைனில் நின்று நின்று ஓடுகின்றன. பிளேபேக் ரெசல்யூஷனை 1/4 வைத்தும் பயனில்லை. எக்ஸ்போர்ட் செய்தால் நன்றாக இருக்கிறது. புது லேப்டாப்தான் வழியா?

பதில்: வேண்டாம், அந்தப் பணத்தைக் கையில் வையுங்கள். எக்ஸ்போர்ட் நன்றாக வருகிறது என்றால் ஃபுட்டேஜில் பழுதில்லை. எக்ஸ்போர்ட்டின்போது ஒரு ஃபிரேமுக்கு எவ்வளவு நேரமும் எடுத்துக்கொள்ளலாம். பிரிவ்யூவில் நொடிக்கு 25 ஃபிரேம் வந்தே ஆக வேண்டும். அங்கேதான் திணறல்.

எச்.265 என்பது வீடியோவைச் சுருக்கும் முறை. அது எல்லா ஃபிரேமையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. சில ஃபிரேம்கள்தான் முழுசு. மற்றவற்றில் முன்பின் ஃபிரேம்களிலிருந்து மாறியது மட்டும் இருக்கும். நடுவில் ஒரு இடத்தில் கர்சரை வைத்தால், அதற்கு முந்தைய பலவற்றையும் அவிழ்த்த பிறகே அந்தப் படம் கிடைக்கும். 1/4 உதவாததற்கும் இதுவே காரணம்: முழு 4கே படத்தையும் அவிழ்த்த பிறகுதான் சிறிதாக்க முடியும். எஃபெக்ட் சுமைதான் அதில் குறையும்.

உங்கள் கேமராவில் 4:2:2 பதிவு (நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் முறை) இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஜிடிஎக்ஸ் 1650-ஆல் அதை அவிழ்க்க முடியாது. ஆனால் 11-ஆம் தலைமுறை இன்டெல்லின் உள் கிராஃபிக்ஸ் 4:2:2 எச்.265-ஐ அவிழ்க்கும். பிரீமியரில் பிரிஃபரன்சஸ், மீடியா பகுதியில் ஹார்ட்வேர் டிகோடிங்கில் இன்டெல் டிக் ஆகியிருக்க வேண்டும். பிறகு மென்பொருளை மூடித் திறக்கவும். இன்டெல் பெயரே அங்கு இல்லையென்றால் லேப்டாப் அமைப்பில் உள் கிராஃபிக்ஸ் அணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது அதன் டிரைவர் பழையதாக இருக்கலாம்.

இது பாதி நிவாரணம்தான். முழு மருந்து புராக்சி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் ஒரிஜினலுக்குப் பதிலாக ஓடும் இலகுவான நகல். கிளிப்களைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து, புராக்சி, கிரியேட் புராக்சீஸ் போங்கள். ஃபார்மட் குயிக்டைம், பிரிசெட் புரோரெஸ் புராக்சி. எச்.264 பிரிசெட்டும் அங்கேயே இருக்கும், ஃபைலும் சிறியது. ஆனால் மறுபடி ஃபிரேம்களைக் கோத்துச் சேமிக்கும் அதே வகைதான், அதனால் பரிந்துரைக்க மாட்டேன். புரோரெஸில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும். ஸ்க்ரப் செய்யும்போது (கர்சரை டைம்லைனில் முன்பின் இழுக்கும்போது) வித்தியாசம் உடனே கைக்குத் தெரியும். 1280x720 அளவில் 25 ஃபிரேமுக்கு நொடிக்கு சுமார் 16 மெகாபிட், அதாவது ஒரு மணி நேர ஃபுட்டேஜுக்கு 7 ஜிபி சுற்றி வரும். முகூர்த்தம், ரிசப்ஷன் சேர்த்து 4 மணி நேரம் என்றால் 30 ஜிபிக்குள் அடங்கும். இரவு கியூவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் புரோகிராம் மானிட்டரின் கூட்டல் குறியில் உள்ள டாகிள் புராக்சீஸ் பட்டனைக் கீழே இழுத்து வைத்து, நீல நிறமாக்கி வேலையைத் தொடங்குங்கள். ஃபோகஸ் சரிபார்க்கும்போதும் கலர் முடிக்கும்போதும் மட்டும் அணைத்துப் பாருங்கள். எக்ஸ்போர்ட் தானாகவே ஒரிஜினலை எடுத்துக்கொள்ளும்.

புராக்சியை லேப்டாப்பின் எஸ்எஸ்டியில் வையுங்கள். ஒரிஜினல் வெளி ஹார்ட்டிஸ்கில் இருந்தால் போதும். அதை யுஎஸ்பி 2 போர்ட்டில் மாட்டினால் நொடிக்கு 35 மெகாபைட்டைத் தாண்டாது; நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் மாட்டுங்கள்.

கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். மே மாத வெயிலில் மெத்தை மேல் வைத்து வேலை செய்தாலும் இதே கதிதான், அடியில் காற்று போகாது. மர மேசையில் வைத்து, விசிறித் துவாரத்துத் தூசியைத் துடையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் திக்கினால், வீடியோ ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரியைப் பாருங்கள். 8 ஜிபியில் அது 90 சதவீதத்தைத் தாண்டி நிற்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தால் இன்னொரு 8 ஜிபி போடுங்கள். ராம் இரட்டைச் சேனலில் (இரண்டு பாதையில் ஒரே நேரத்தில்) ஓடும் என்பதால் உள் கிராஃபிக்ஸுக்கும் நல்லது. புதுசு வாங்கும் முன் இருப்பதன் வகையும் வேகமும் பார்த்துப் பொருத்துங்கள்.

கிளையண்ட் பைனலை ஒப்புக்கொள்ளும் வரை புராக்சி ஃபோல்டரை அழிக்காதீர்கள். திருத்தம் கேட்டு வந்தால் மறுபடி ஒரு இரவு காத்திருக்க வேண்டிவரும்.