குதிரை நிலையில் முழங்கால் வலி

1978-இல் வந்த 'ட்ரங்கன் மாஸ்டர்' குங்ஃபூ படத்தைப் பார்த்துவிட்டு, ஜாக்கி சான் போலவே குதிரை நிலையில், அதாவது கால்களை விரித்து முழங்காலை மடக்கி, தொடை தரைக்கு இணையாக நின்றதில் முழங்காலின் உள்பக்கம் வலிக்கிறது என்கிறீர்கள். களைத்ததும் முழங்கால்கள் உள்ளே சாய்ந்திருக்கும். பெரும்பாலும் அதுதான் காரணம். வலி அடங்கும்வரை நிறுத்துங்கள். வீங்கினாலோ, மடக்கும்போது பிடித்துக்கொண்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறுபடி தொடங்கும்போது பாதங்களைத் தோள் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு விரித்து, விரல்களைச் சற்று வெளியே திருப்புங்கள். முழங்கால் பாதவிரல்களின் திசையிலேயே போகட்டும். பாதி ஆழம், 20 விநாடி, மூன்று முறை போதும். முழங்கால் உள்ளே நழுவும் கணமே எழுந்துவிடுங்கள்.

படத்தின் அருமையான காட்சி, தலைகீழாகத் தொங்கியபடி சிறு கிண்ணங்களில் தண்ணீர் மொண்டு மேல்வாளியை நிரப்புவது. அதைத் தனியாக முயலவே வேண்டாம்.