கத்தரி பச்சையாகவே வாடிச் சாகிறது: டிரைக்கோடெர்மா ஏன் கைகொடுக்கவில்லை?

கேள்வி: தஞ்சை மாவட்டம் பாபநாசம் பக்கம் ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) நிலத்தில் மூன்றாவது ஆண்டாகக் கத்தரி போட்டிருக்கிறேன். நட்டு 45 நாள். காலையில் நன்றாக இருக்கும் செடி மதியம் துவண்டு, மூன்று நான்கு நாளில் பச்சையாகவே செத்துப்போகிறது. டிரைக்கோடெர்மா என்ற உயிர் மருந்தை இரண்டு முறை ஊற்றியும் நிற்கவில்லை. ரசாயனம் இல்லாமல் என்ன செய்யலாம்?

பதில்: இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே துவள்வதால் பாக்டீரியா வாடலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உறுதி செய்துகொள்ளுங்கள். அன்று வாடிய செடியின் தண்டைத் தரையை ஒட்டி இரண்டு விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முனை மட்டும் நனையும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல் இறங்கினால் பாக்டீரியாதான். இறங்காமல், அடியிலைகள் முதலில் மஞ்சளாகி, பிளந்த தண்டுக்குள் பழுப்புக் கோடு தெரிந்தால் பூஞ்சண வாடல். தண்டடியில் வெள்ளைப் பஞ்சும் கடுகு போன்ற உருண்டைகளும் இருந்தால் தண்டடி அழுகல். வேரையும் கழுவிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அது போடும் காயம் வழியாகத்தான் பாக்டீரியா எளிதாக உள்ளே நுழைகிறது.

டிரைக்கோடெர்மா பூஞ்சணத்தை அடக்கும் பூஞ்சணம். பாக்டீரியா வாடலுக்கு அதை நம்பிப் பயனில்லை. ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யாவும் அப்படித்தான். பயிருக்கு நல்லது, ஆனால் வாடிய செடியை எழுப்பாது. எழுப்பும் மருந்து எதுவுமே இல்லை.

இப்போதைக்குப் பரவலைத் தடுப்பதுதான் வேலை. வாடிய செடியை வேர்மண்ணோடு எடுத்து வயலுக்கு வெளியே காயவைத்துக் கொளுத்துங்கள். வாய்க்காலில் மட்டும் வீசாதீர்கள், கீழ்மடை வயலுக்கும் நோய் போய்விடும். செடி எடுத்த குழியில் சுண்ணாம்பைத் தூவி, அந்தப் பாருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்துவிடுங்கள். பார் பாராகப் பாய்ந்தோடும் தண்ணீர்தான் இந்த நோய்க்கு வண்டி. வேர் அறுபடும்படி கொத்தவும் வேண்டாம். சுற்றியுள்ள நல்ல செடிகளுக்கு லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி) கரைத்து, செடிக்கு அரை லிட்டர் வேரில் ஊற்றி, 15 நாள் கழித்து மறுபடி ஊற்றுங்கள். இது காப்பு மட்டுமே. தயாரித்து 4 மாதம் தாண்டிய பொட்டலத்தை வாங்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் போடச் சொல்பவர்கள் உண்டு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் சூடோமோனாஸும் சாகும்.

அடுத்த பட்டத்தில்தான் உண்மையான வைத்தியம், அதுவும் டெல்டாக்காரருக்குக் கையிலேயே இருக்கிறது. அந்த மாவில் சம்பா நெல் போட்டுத் தண்ணீரைத் தேக்கி வையுங்கள். நீர் நின்று காற்றுப் புகாத சேற்றில் இந்தப் பாக்டீரியா வெகுவாகக் குறையும். தண்டடி அழுகலின் கடுகு உருண்டைகளும் அழுகும், நூற்புழுவும் குறையும். ஒரு போகத்தில் முழுக்க ஒழியாது என்பதால் இரண்டு ஆண்டாவது கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் அங்கே வைக்காதீர்கள். நிலக்கடலைக்கும் இந்த நோய் வரும். வரப்பில் தானாக முளைக்கும் மணத்தக்காளியைப் பிடுங்கிவிடுங்கள், நோய் அதில் குடியிருந்து காத்திருக்கும். சம்பா அறுவடைக்குப் பின் மக்காச்சோளமோ கீரையோ போடலாம். வெண்டையும் ஆகும், ஆனால் வேரில் முடிச்சு பார்த்திருந்தால் வேண்டாம். நூற்புழுவுக்கு வெண்டை விருந்து.

கொள்ளிடப் படுகையில் இருப்பவர்களுக்கு இந்த வழி ஆகாது, மணற்பாங்கில் தண்ணீர் நிற்காது. அவர்கள் ஏப்ரல், மே வெயிலில் மண்ணை நனைத்து, நிறமில்லாத மெல்லிய பாலிதீன் விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, 4 முதல் 6 வாரம் விடலாம். காய்ந்த மண்ணில் விரித்தால் சூடு கீழே இறங்காது.

மறுபடி கத்தரி வைக்கும்போது கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு, அதாவது மாவுக்கு 33 கிலோ. பூஞ்சண நோய்க்கு டிரைக்கோடெர்மா உதவுவது இந்த இடத்தில்தான்: ஒரு கிலோவை 50 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடி, 15 நாள் வைத்து ஏக்கருக்கு இடுங்கள். பச்சைச் சாணத்தில் கலந்தால் சூட்டில் வீணாகும். களிமண்ணில் பாரை உயர்த்திக் கட்டி, நாற்றின் வேரை லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கரைசலில் அரை மணி நேரம் நனைத்து நடுங்கள்.

செலவு கூடினாலும், சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டிய கத்தரி நாற்றைத்தான் உங்கள் நிலத்துக்கு நான் சொல்வேன். சுண்டை வேர் பாக்டீரியா வாடலையும் நூற்புழுவையும் நன்றாகத் தாங்கும். ஒட்டு மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுங்கள். மண் அணைக்கும்போதும் ஒட்டை மூடாதீர்கள்; மூடினால் மேலே உள்ள கத்தரி தானே வேர்விட்டு மண்ணில் இறங்கும், ஒட்டுக்குக் கொடுத்த காசு வீண். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் சுண்டைக் கிளையை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள்.