இரவு ஒரு மணிவரை பேஸ்புக்: இது ஒரு வருத்தமா, டொக்டர்?

கேள்வி: எனக்கு 37 வயது. இணுவிலில் இருக்கிறேன். பாடசாலை ஆசிரியை. கணவர் ஐந்து வருடமாகக் கட்டாரில் வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் படுத்து, பத்து மணிபோல் அவரும் கதைத்துவிட்டுப் போனை வைத்த பிறகு பேஸ்புக்கைத் திறப்பேன். பத்து நிமிடம் பார்ப்போம் என்றுதான் தொடங்குவது. நிமிர்ந்து பார்த்தால் ஒரு மணி. அண்மையில் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் மச்சாள் புதுவீடு குடிபூந்தா. என்ன பெரிய வீடு, மாபிள் குசினி, வாசலில் இரண்டு கார். என்னோடு படித்தவள், என்னைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவள். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சாமத்தியவீடு, லண்டன் கலியாணம் என்று வந்துகொண்டே இருக்கும். பார்த்து முடிய நெஞ்சுக்குள் ஒரு பாரம். ஐந்து மணிக்கு எழும்ப ஏலாமல் கிடந்து, எழும்பினதும் பிள்ளைகளில் எரிந்து விழுகிறேன். மூன்று தரம் போனிலிருந்து அழித்தேன். மூன்று தரமும் திரும்ப ஏற்றிவிட்டேன். இது ஒரு வருத்தமா? மருந்து இருக்கிறதா? ஒரேயடியாக விட்டுவிடத்தான் வேண்டுமா?
வாசகி, இணுவில்

பதில்: தங்கச்சி, முதலில் நெஞ்சுப் பாரத்தை முடித்துக்கொண்டு மற்றதைக் கதைப்போம். பேஸ்புக் பார்த்து வந்த பாரம்தானே என்று நான் சும்மா விட ஏலாது. சைக்கிள் மிதிக்கும்போதோ படியேறும்போதோ அது வருகிறதா? கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா? வியர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா? இதில் ஒன்றுக்காவது ஆம் என்றால் மீதியை வாசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இல்லையென்றாலும் ஒரு ஈசிஜி, ஹீமோகுளோபின், தைரொயிட்டுக்கு டிஎஸ்எச், இந்த மூன்றையும் செய்துவிடுங்கள். களைப்பு, எரிச்சல், விடிய எழும்ப முடியாமை என்ற இதே வேஷத்தில் இரத்தச்சோகையும் வரும், தைரொயிட் குறைபாடும் வரும். பழியெல்லாவற்றையும் போனின் தலையில் போட்டுவிட்டு இரும்புச்சத்துக் குளிசை தேவைப்பட்ட ஒருவரை நான் திருப்பி அனுப்பக்கூடாது.

அடுத்தது நித்திரை. ஒரு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழும்பினால் நாலு மணித்தியாலம். வளர்ந்த ஒருவருக்கு ஏழு மணித்தியாலமாவது வேண்டும். நாலு மணித்தியாலத்தில் எந்தத் தாயும் பிள்ளைகளில் எரிந்துதான் விழுவா. அதற்காக உங்களைக் கூடாத தாய் என்று நினைக்கத் தேவையில்லை.

இது வருத்தமா என்று கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆவது பதிப்பில் வீடியோ கேம் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. சமூக ஊடகத்துக்கென்று தனியாக ஒரு நோய்ப்பெயர் அதில் இல்லை. ஆகவே மருந்தும் இல்லை. ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனம் சோர்ந்து, முன்பு பிடித்த எதுவும் பிடிக்காமல், சாப்பாடும் நித்திரையும் குழம்பி, 'இருந்து என்ன' என்ற எண்ணம் வந்தால், அது வேறு கதை. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, கட்டாயம் வைத்தியரிடம் போகவேண்டும். இரவில் தாங்க ஏலாமல் போனால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

இனி, ஏன் மூன்று தரம் அழித்தும் சரிவரவில்லை? முதலில் உங்கள் மனவுறுதியைப் பழிக்காதீர்கள். பந்தியில் சோறு முடியுமுன்னே அடுத்த அகப்பை விழுந்துகொண்டிருந்தால் யாரால் இலையை மடிக்க முடியும்? முந்திய இணையப் பக்கங்களுக்கு ஒரு அடி இருந்தது. அடிக்கு வந்து, 'அடுத்த பக்கம்' என்பதை அழுத்தவேண்டும். அந்த ஒரு விநாடியில் 'சரி போதும்' என்று எழும்பிவிடலாம். 2006இல் ஏசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அந்த அடியே இல்லாமல் இழுக்க இழுக்க வரும் முறையை உருவாக்கினார். பிறகு அதற்காகப் பகிரங்கமாக வருந்தியும் இருக்கிறார். 2009இல் பேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது. எப்போது வரும், எத்தனை வரும், யாரிடமிருந்து வரும் என்று தெரியாது. உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டியதும் இதைத்தான். ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் விழுந்தால் புறா பசிக்குத்தான் கொத்தும். எப்போதாவது மட்டும் விழுந்தால் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். நானும் அந்தப் புறாதான். கிளினிக் முடிந்து களைத்திருக்கும் நேரத்தில் கை தானாகப் போனுக்குப் போகிறது. பாதியில் நின்ற கிரிக்கெட் துண்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் தெரிகிறது, நான் அதைத் தேடவே இல்லையென்று.

இவ்வளவும் பொதுவான கதை. உங்கள் கடிதத்துக்கு வருகிறேன்.

மச்சாளின் வீட்டைப் பற்றி இரண்டு மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள். மாபிள், கார், புள்ளி எல்லாம் இருக்கிறது. கணவரைப் பற்றி, கட்டாரில் வேலை என்பதைத் தவிர ஒரு அரை வரி: "அவரும் கதைத்துவிட்டுப் போனை வைத்த பிறகு." அந்த அரை வரியைத்தான் நான் இரண்டு தரம் வாசித்தேன். எட்டு மணிக்கு அல்ல, ஒன்பது மணிக்கு அல்ல, அவர் வைத்த பிறகு. பத்து மணி என்றால் அங்கே ஏழரை. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகள் எங்கள் வீடுகளில் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டாச்சா, பிள்ளைகள் படிச்சதுகளா, காசு வந்ததா, சரி வைக்கிறேன். ஐந்து நிமிடம். போனின் வெளிச்சம் அணைகிறது, அறை இருட்டாகிறது, விரல் அதே போனைத் திரும்ப எழுப்புகிறது.

நான் அந்தக் குடிபூரல் படங்களைப் பார்க்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் விரல் எந்தப் படத்தில் நின்றது? குசினியிலா, காரிலா, அல்லது பால் பொங்குகிற பானைக்குப் பக்கத்தில் மச்சாளும் அவவின் கணவரும் சேர்ந்து நிற்கிற படத்திலா? நான் பிழையாகவும் இருக்கலாம். நின்ற இடத்தை நீங்கள்தான் பார்த்துச் சொல்லவேண்டும். பொறாமை என்று நினைத்து வெட்கப்படுகிற பல விடயங்கள் கிட்டப் போய்ப் பார்த்தால் வேறொன்றாக இருக்கும்.

ஒரு முதியவரின் கதை சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர். பிரஷர் பார்க்க வந்தார். ஒரு கையில் பட்டியைச் சுற்றிக் காற்றை ஏற்றுகிறேன், மற்றக் கையால் போனைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். 'அதை மேசையில் வையுங்கோ ஐயா' என்றேன். வைக்கும்போது திரையைக் கண்டேன். விடிய எடுத்த கோயில் கோபுரப் படம், 112 லைக். 'நல்லாத்தானே வந்திருக்கு' என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பப் போனை எடுத்து லைக் போட்டவர்களின் பெயர்ப் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே போனார், பிறகு கீழிருந்து மேலே வந்தார். 'ஆரைத் தேடுறியள்?' என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, 'சுவிசில என்ர மகன்' என்றார். நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நடுவில் இல்லாத ஒரு பெயரைத் தேடித்தான் அவர் ஒவ்வொரு நாளும் படம் போட்டுக்கொண்டிருந்தார். அதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். மகனுக்குக் குரல்பதிவு ஒன்று அனுப்பச் சொன்னேன். 'அவன் வேலையில நிப்பான், கரைச்சல்' என்றார். அடுத்த மாதம் வந்தபோது அனுப்பியிருந்தார். மகன் இரண்டு நாள் கழித்துத்தான் பதில் போட்டானாம். கோபுரப் படம் இன்னும் போடுகிறார், பட்டியலைத் திறப்பது குறைந்திருக்கிறது. பிரஷர் அப்படியேதான், அதற்குக் குளிசையைக் கூட்டினேன்.

உங்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான்: விரல் எதைத் தேடுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். இப்போதைக்கு அழிக்கவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஒரு கிழமை பாருங்கள். பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் மிச்சப் பக்கம் இருக்கும்தானே, அதை எடுத்துத் தலைமாட்டில் வையுங்கள். போனைத் தொடுமுன் நேரத்தையும், அந்த நிமிடம் மனம் எப்படி இருக்கிறது என்று ஒரு சொல்லும் எழுதுங்கள். மூடும்போது நேரத்தையும் இன்னொரு சொல்லையும். நடுவில் விரல் எங்கே நின்றதோ அதை மூன்று நாலு சொல்லில். அவ்வளவுதான். வடிவாக எழுதத் தேவையில்லை, யாரும் திருத்தப் போவதில்லை, ரீச்சர்.

'கவலை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் இதற்குச் சொல் பஞ்சமில்லை: அந்தரம், ஏக்கம், எரிச்சல், விசர், அலுப்பு, புழுக்கம். சரியான சொல்லைத் தேடிப் பிடியுங்கள். உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும்போது மூளையில் பயத்தையும் பதற்றத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி அடங்குவதைக் கலிபோர்னியாவில் மத்தியூ லீபர்மனும் கூட்டாளிகளும் ஸ்கானில் பார்த்து 2007இல் எழுதினார்கள்.

வெறும் கொப்பியால் என்ன வரும் என்று நினைப்பீர்கள். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை இரண்டு பகுதியாக்கி மூன்று கிழமை பார்த்தார்கள். ஒரு பகுதிக்கு பேஸ்புக், இன்ஸ்டகிராம், ஸ்னப்சட் மூன்றுக்கும் நாளுக்குப் பத்துப் பத்து நிமிடம் மட்டும். மற்றப் பகுதி வழமைபோல். குறைத்தவர்களிடம் தனிமையும் மனச்சோர்வும் குறைந்தன. இது எதிர்பார்த்ததுதான். எனக்குப் பிடித்தது மற்றது: பதற்றமும், எதையோ தவறவிடுகிறோம் என்ற பயமும் இரண்டு பகுதியிலுமே குறைந்திருந்தன. எதையும் குறைக்காதவர்களுக்கு ஏன் குறைந்தது? அவர்களும் தங்கள் பாவனைக் கணக்கை ஆய்வாளர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தன்னைத் தான் கவனித்ததே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் எண்ணம். மாணவர்கள், மூன்றே கிழமை, அதனால் வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஒரு பழைய கொப்பியைச் செலவழிக்க இது போதும்.

ஒப்பிடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனிதன் தன்னை அளக்க அளவுகோல் இல்லாதபோது பக்கத்து ஆளைப் பார்த்துத்தான் அளப்பான் என்று லியோன் பெஸ்டிங்கர் 1954இலேயே எழுதினார். எங்கள் அம்மாமார் கிணற்றடியிலும் கோயில் வீதியிலும் ஒப்பிட்டார்கள். அந்த வீட்டுச் சீலையும் தெரியும், அந்த வீட்டுச் சண்டையும் வேலிக்கு மேலால் கேட்கும். ஸ்காபரோ வீட்டுக்கு வேலி இல்லை, படம் மட்டும்தான். அந்த வீட்டுக்கு எத்தனை வருடக் கடன், யார் இரவு வேலைக்குப் போகிறார் என்பது படத்தில் வராது. 'அவவுக்கும் கஷ்டம் இருக்கும்' என்று கற்பனை செய்து ஆறுதல்பட இதைச் சொல்லவில்லை. அதுவும் ஒப்பீடுதான், மறுபக்கத்தால். நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமி சொல்ல, அவருடைய சீடர் யோகர் சுவாமி வழியாக எங்களுக்கு வந்த வாக்கியம் ஒன்று இருக்கிறது: 'நாமறியோம்.' மச்சாளின் படத்துக்கு முன்னால் அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாகப் படுகிறது.

நீங்கள் எழுதாத, ஆனால் உங்கள் வயதுக்காரர் பலர் கிளினிக்கில் சொல்கிற ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். மே மாதம் வந்தால் 2009ஆம் ஆண்டு இறுதிப் போரின் படங்கள் திரை நிறைய வரும். வீடியோக்கள் தொடாமலே ஓடத் தொடங்கும். அதைக் கண்டவர்களுக்கு, உறவைப் பறிகொடுத்தவர்களுக்கு, அந்தச் சத்தம் போனுக்குள் நிற்காது. நாலு பேரோடு சேர்ந்து விளக்கேற்றி நினைவுகூர்வது ஒன்று. இருட்டில், படுக்கையில், தனியாக, எதிர்பாராமல் பார்ப்பது இன்னொன்று. வீடியோ தானாக ஓடுவதை பேஸ்புக்கின் செற்றிங்ஸில் நிற்பாட்டலாம். பள்ளிக்கூடத்தில் யாராவது இளம் ஆசிரியரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் செய்து தருவார். உங்களுக்கு இது பொருந்தினால் இன்றைக்கே செய்யுங்கள்.

ஒரு கிழமை முடிய, கொப்பியை ஒரேயடியாக வாசியுங்கள். பத்து மணிக்கு எழுதிய சொற்களை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பாருங்கள். நான் நினைப்பது சரியாக இருந்தால் அங்கே வீடும் காரும் அதிகம் இராது. அப்போது ஒரு நாள் கணவரோடு கதைக்கும்போது, சாப்பாட்டையும் காசையும் கேட்டு முடிய, அவர் 'சரி வைக்கிறேன்' என்பதற்கு முன், கொப்பியில் இருந்து ஒரு வரியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் தடுமாறலாம். எங்கள் ஆம்பிளைகளுக்கு இதற்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. தடுமாறட்டும்.

அதற்குப் பிறகு போனைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்கவேண்டாம், குசினியில் சார்ஜரில் போடுங்கள். விடிய எழும்ப ஐந்து மணிக்கு அலாரம் போனில்தான் என்று சொல்வீர்கள். கடையில் மணிக்கூடு ஒன்று வாங்குங்கள், மலிவுதான்.

அடுத்த கடிதத்தில் டிஎஸ்எச் றிப்போட்டையும் எழுதுங்கள். விரல் எந்தப் படத்தில் நின்றது என்பதையும்.