மைன்கிராஃப்ட் சர்வருக்குச் சொந்த டொமைன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சர்வருக்குச் சொந்தப் பெயர் வைக்கும்போது எங்கே மாட்டிக்கொள்கிறீர்கள் என்று போன வாரம் கேட்டிருந்தேன். நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். அலுவலகத்தில் டிஎன்எஸ் (டொமைன் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் அமைப்பு) பார்ப்பதுதான் என் வேலை. வீட்டில் அக்கா பிள்ளைகளுக்காக ஐந்து வருடமாக ஒரு சர்வர் ஓட்டுகிறேன். கீழே உள்ள பெயர்களையும் கட்டளைகளையும் நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். உதாரணத்துக்கு எக்ஸாம்பிள்.காம் என்று எழுதியிருக்கிறேன். விளக்கம் சொல்வதற்கென்றே 1999-ல் ஒதுக்கிய பெயர் அது. உங்கள் டொமைனை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, பிளஸ் ஒன் படிக்கிறேன். சேமித்த காசில் டொமைன் வாங்கிவிட்டேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?

தம்பி, டொமைனை இப்போதைக்கு ஓரமாக வை. வெறும் ஐபி எண்ணையும் (இணையத்தில் சர்வரின் முகவரி) போர்ட்டையும் (அந்த மெஷினில் கேம் நுழையும் கதவின் எண்) கொடுத்து ஒரு நண்பனை உள்ளே வரச் சொல். அவன் உன் வீட்டு வைஃபையில் இருக்கக் கூடாது, அவன் வீட்டிலிருந்து வர வேண்டும். அவன் வந்து சேர்ந்த பிறகுதான் பெயரைத் தொட வேண்டும். டொமைன் செய்வது ஒரே ஒரு வேலை: பெயரைக் கொடுத்தால் எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். மூடிக்கிடக்கும் போர்ட்டை அது திறந்துவிடாது. எனக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் உண்மையில் டொமைன் சிக்கலே இல்லை, எண்ணிலேயே வேலை செய்யாத சர்வர்கள்தான்.

எண்ணில் வேலை செய்கிறது, போர்ட்டும் ஜாவா பதிப்பின் (கம்ப்யூட்டரில் மட்டும் ஆடும் மைன்கிராஃப்ட்) வழக்கமான 25565 என்றால் மீதி சுலபம். டொமைனின் டிஎன்எஸ் பேனலில், பெயர் என்ற கட்டத்தில் பிளே, மதிப்பு என்ற கட்டத்தில் ஐபி எண் என்று ஒரு ஏ ரெக்கார்டு (பெயருக்கு ஐபி எண்ணைச் சொல்லும் பதிவு) போடு. பிளே.எக்ஸாம்பிள்.காம் தயார்.

வாடகைக்கு எடுத்த சர்வரில் 25601 என்று ஒரு போர்ட் கொடுத்திருக்கிறார்கள். பசங்களுக்கு அந்த எண் ஞாபகம் இருப்பதில்லை. வெறும் பெயரை மட்டும் அடித்தால் போதும் என்று செய்ய முடியுமா மேடம்?

முடியும், அதற்குத்தான் எஸ்ஆர்வி ரெக்கார்டு இருக்கிறது. ஏ ரெக்கார்டுக்கு ஐபி மட்டும்தான் தெரியும், போர்ட் தெரியாது. எஸ்ஆர்வி எந்த மெஷின், எந்தப் போர்ட் என்று இரண்டையும் சொல்லும். 2012-ல் வந்த 1.3.1 முதல் ஜாவா பதிப்பு இதைப் படிக்கிறது. பெயருக்குப் பின்னால் போர்ட் அடிக்காதபோது எஸ்ஆர்வி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும். இல்லையென்றால் 25565-க்குப் போகும்.

முதலில் எம்சி என்ற பெயரில் ஒரு ஏ ரெக்கார்டு, மதிப்பில் சர்வரின் ஐபி. அப்புறம் எஸ்ஆர்வி. அதில் சேவை _மைன்கிராஃப்ட், புரோட்டோகால் _டிசிபி, பெயர் பிளே, போர்ட் 25601, இலக்கு எம்சி.எக்ஸாம்பிள்.காம். முன்னுரிமை, எடை என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். சர்வர் ஒன்றுதான் என்பதால் இரண்டிலும் 0 போடுங்கள். முன்னால் இருக்கும் அடிக்கோட்டை விட்டுவிடாதீர்கள், அதுவும் பெயரில் ஒரு பகுதி. சில பேனல்களில் சேவைக்குத் தனிக் கட்டம் இருக்காது. அங்கே _மைன்கிராஃப்ட்._டிசிபி.பிளே என்று சேர்த்தே எழுத வேண்டும்.

இலக்கில் ஐபி எண்ணைப் போடாதீர்கள், அங்கே பெயர்தான் வர வேண்டும். அந்தப் பெயரும் வேறொரு பெயரைக் காட்டும் சிநேம் ரெக்கார்டாக இருக்கக் கூடாது. 2000-ல் வெளியான எஸ்ஆர்வி விதியே (ஆர்எஃப்சி 2782) அப்படித்தான் சொல்கிறது.

இன்னொரு தவறு கண்ணுக்கே தெரியாது. போன கோடை விடுமுறையில் பக்கத்து வீட்டுப் பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டு நாளாகச் சர்வர் வரவில்லை. பேனலைத் திறந்து பார்த்தோம், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கமாண்ட் பிராம்ப்டில் என்எஸ்லுக்அப் அடித்து எஸ்ஆர்வியைக் கேட்டால் அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறது. திரும்பவும் பேனலுக்குப் போய்ப் பெயர் கட்டத்தைப் பார்த்தேன். பிளே.எக்ஸாம்பிள்.காம் என்று முழுப் பெயரையும் எழுதியிருந்தான். அந்தப் பேனலோ நாம் எழுதுவதற்குப் பின்னால் டொமைனைத் தானாகவே ஒட்டும். அதனால் உண்மையில் உருவாகியிருந்தது பிளே.எக்ஸாம்பிள்.காம்.எக்ஸாம்பிள்.காம். பின்பாதியை அழித்துவிட்டுச் சேமித்தோம். கொஞ்ச நேரம் கழித்து அதே கட்டளையை அடித்தபோது போர்ட் 25601, கீழே இலக்கின் பெயர் என்று வந்தது. அந்தப் பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அந்தக் கட்டளையை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்: என்எஸ்லுக்அப், ஓர் இடைவெளி, -டைப்=எஸ்ஆர்வி, ஓர் இடைவெளி, _மைன்கிராஃப்ட்._டிசிபி.பிளே.எக்ஸாம்பிள்.காம். பேனலில் நாம் எழுதியது வேறு, உலகத்துக்குத் தெரிவது வேறு. இந்தக் கட்டளை காட்டுவது இரண்டாவதை.

கனெக்ட் ஆகவில்லை என்று மட்டும்தான் தெரிகிறது. தவறு எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திரையில் வரும் ஆங்கில வரியை அப்படியே படியுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. 'அன்நோன் ஹோஸ்ட்' என்றால் பெயர் எண்ணாக மாறவில்லை, டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் பெரும்பாலும் மெஷின் வரைக்கும் போய்விட்டீர்கள், ஆனால் அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை. சர்வர் ஓடவில்லை அல்லது போர்ட் எண் மாறியிருக்கிறது. 'டைம்டு அவுட்' என்றால் தட்டியும் பதிலே வரவில்லை. ஃபயர்வால் (வெளி இணைப்புகளைத் தடுக்கும் காவல்), போர்ட் ஃபார்வர்டிங் (ரவுட்டருக்கு வரும் இணைப்பைச் சர்வருக்குத் திருப்பிவிடுவது), தவறான ஐபி, இந்த மூன்றையும் பாருங்கள். பின்னால் சொன்ன இரண்டு பிழைகள் வெறும் ஐபி எண்ணிலும் வந்தால் டொமைன் பேனலை நோண்டாதீர்கள், நன்றாக இருந்ததும் கெட்டுப்போகும்.

என் தம்பி மொபைலில் விளையாடுகிறான். எனக்கு வேலை செய்யும் பெயர் அவனுக்கு வேலை செய்யவில்லை.

மொபைலில் இருப்பது பெட்ராக் பதிப்பு. அது எஸ்ஆர்வியைப் படிக்காது. ஜாவா சர்வருக்குள் நேராகவும் வராது. உங்கள் சர்வரில் கீசர் என்ற பிளக்இன்னைப் போட்டால் பெட்ராக் ஆட்டக்காரர்களும் வரலாம். அவர்கள் நுழையும் போர்ட் வழக்கமாக 19132, அதுவும் யுடிபி (டிசிபியைப் போலத் தகவல் அனுப்பும் இன்னொரு முறை). ரவுட்டரில் டிசிபி மட்டும் திறந்துவிட்டு யுடிபியை மறந்துவிடுவார்கள், அதைக் கவனியுங்கள். தம்பி எம்சி.எக்ஸாம்பிள்.காம் என்ற பெயரை ஒரு கட்டத்திலும் போர்ட்டை அடுத்த கட்டத்திலும் அடிக்க வேண்டும்.

கிளவுட்ஃபிளேரில் டொமைனை வைத்திருக்கிறேன். ஐபி-யில் வேலை செய்கிறது, பெயரில் டைம்டு அவுட்.

ரெக்கார்டுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிற மேகம் இருக்கிறதா? அதை அழுத்திச் சாம்பல் நிறமாக்குங்கள். ஆரஞ்சு நிறம் என்றால் உங்கள் ஐபிக்குப் பதிலாகக் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தன் ஐபியைக் காட்டும். அந்த வழியில் இணையதளப் போக்குவரத்து மட்டும்தான் போகும், மைன்கிராஃப்ட் போகாது. அதற்கென்று ஸ்பெக்ட்ரம் என்ற தனிச் சேவை கட்டணத் திட்டங்களில் இருக்கிறது. நண்பர்களோடு விளையாடும் சர்வருக்கு அது தேவையில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டரில் சர்வர். போர்ட் ஃபார்வர்டிங் செய்தாயிற்று, ஃபயர்வாலும் திறந்தாயிற்று. வெளியிலிருந்து யாராலும் வர முடியவில்லை.

ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் வேன் ஐபி (ரவுட்டருக்கு இணைய நிறுவனம் கொடுத்த எண்) என்ன என்று பாருங்கள். பிறகு உங்கள் ஐபி என்ன என்று சொல்லும் ஏதாவது ஓர் இணையதளத்தில் பாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் உங்களுக்கும் இணையத்துக்கும் நடுவில் இன்னொரு ரவுட்டர் உட்கார்ந்திருக்கிறது. வேன் ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் அது சிஜிநாட் என்று உறுதியாகச் சொல்லலாம். 2012-ல் அந்த எண்களை அதற்கென்றே ஒதுக்கினார்கள். சிஜிநாட் என்றால் ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன என்று அர்த்தம். உங்கள் ரவுட்டரில் எத்தனை கதவு திறந்தாலும் வெளிக்கதவு உங்கள் கையில் இல்லை.

வழி இருக்கிறது. இணைய நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டுப் பாருங்கள், சிலர் தனிக் கட்டணத்துக்குக் கொடுப்பார்கள். அல்லது ஐபிவி6 (புதிய, நீளமான ஐபி எண் முறை) பாருங்கள். அதில் இப்படிப் பகிர்ந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை, ஏஏஏஏ ரெக்கார்டு (ஐபிவி6 எண்ணைச் சொல்லும் பதிவு) போட்டு ரவுட்டர் ஃபயர்வாலில் வழி விட்டால் ஐபிவி6 உள்ள நண்பர்கள் வந்துவிடுவார்கள். இரண்டும் சரிப்படாவிட்டால் சின்ன வாடகை சர்வர்தான் நிம்மதி. பொது ஐபி கிடைத்தும் அது அடிக்கடி மாறுகிறது என்றால் டக்டிஎன்எஸ் போன்ற டைனமிக் டிஎன்எஸ் (மாறும் ஐபியைத் தானாகவே புதுப்பிக்கும் சேவை) ஒன்றை எடுத்து, உங்கள் பெயரைச் சிநேம் வழியாக அதன்மேல் கட்டுங்கள்.

நண்பர்கள் எல்லாரும் பெயரில் வந்துவிடுகிறார்கள். அதே வீட்டில் இருக்கும் என்னால்தான் முடியவில்லை!

சர்வர் சரியாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குள்ளிருந்து வெளி ஐபிக்குப் போய்த் திரும்பி வீட்டுக்குள்ளேயே வருவதைச் சில ரவுட்டர்கள் அனுமதிப்பதில்லை. நீங்கள் மட்டும் 192.168 என்று தொடங்கும் உள் ஐபியில் சேருங்கள். சர்வர் ஓடும் அதே கம்ப்யூட்டர் என்றால் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் போதும்.

நேற்று ஐபியை மாற்றினேன். சிலருக்குப் புது இடம், சிலருக்குப் பழைய இடம். எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

எத்தனை நேரம் என்பது உங்கள் ரெக்கார்டிலேயே டிடிஎல் என்ற கட்டத்தில் இருக்கிறது. 300 என்றால் ஐந்து நிமிடம், 86400 என்றால் ஒரு நாள். அதுவரை பழைய விடையையே வைத்துக்கொள்ள நீங்கள்தான் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். பிள்ளைகளின் பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை நான் சர்வரை இடம் மாற்றினேன், டிடிஎல் 86400-ல் இருந்ததைக் கவனிக்கவில்லை. அன்று முழுக்க அக்கா மகள் போன் பண்ணிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பழைய சர்வரின் காலி உலகம்தான் தெரிந்தது. இப்போதெல்லாம் மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே டிடிஎல்லை 300 ஆக்கிவிடுகிறேன்.

இன்னொன்று: ரெக்கார்டு போடும் முன்பே பெயரை அடித்துச் சோதிக்காதீர்கள். 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்ற விடையும் கொஞ்ச நேரம் நினைவில் நிற்கும். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ஃபிளஷ்டிஎன்எஸ் அடித்தால் உங்கள் கம்ப்யூட்டரின் நினைவு அழியும், இணைய நிறுவனத்தின் நினைவு அழியாது.

மணிக்கணக்கில் காத்தும் எதுவுமே மாறவில்லையா? நேம்சர்வரை (உங்கள் டொமைனின் ரெக்கார்டுகளைச் சொல்லும் சர்வர்) பாருங்கள். டொமைன் வாங்கிய இடத்தில் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருப்பீர்கள், நேம்சர்வர் வேறொரு நிறுவனத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

எக்ஸாம்பிள்.காம் என்ற அதே பெயரில் இணையதளமும் வேண்டும், கேமும் வேண்டும்.

தாராளமாக. ஏ ரெக்கார்டு இணையதளத்தைக் காட்டட்டும். எஸ்ஆர்வியில் பெயர் கட்டத்தில் @ (முன்னால் எதுவும் இல்லாத டொமைன் பெயரே என்று அர்த்தம்) போட்டு இலக்கை எம்சி.எக்ஸாம்பிள்.காம் என்று வையுங்கள். பிரவுசர் ஒரு பக்கம் போகும், மைன்கிராஃப்ட் இன்னொரு பக்கம் போகும். எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைப்புக்கான) சான்றிதழ் தளத்துக்கு மட்டும் போதும், கேமுக்கு வேண்டாம்.

.இந்தியா என்று முடியும் தமிழ்ப் பெயர் வாங்கலாமா?

எனக்கும் ஆசைதான். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும் இருக்கின்றன. ஆனால் டிஎன்எஸ்ஸுக்குள் தமிழ்ப் பெயர் எக்ஸ்என் என்று தொடங்கும் நீளமான ஆங்கில எழுத்து வரிசையாகத்தான் நிற்கும். ரெக்கார்டுகளையும் சோதனைகளையும் அந்த வடிவில் செய்யுங்கள். கூடவே சின்ன ஆங்கிலப் பெயர் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், தமிழ் கீபோர்டு இல்லாத பிள்ளைகளும் வருவார்களே.

இரண்டு வாரம் நன்றாக ஓடியது. திடீரென்று பெயர் மட்டும் செத்துவிட்டது.

மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள், ஸ்பாம் பெட்டியையும் சேர்த்து. .காம் போன்ற டொமைன் வாங்கினால் உங்கள் முகவரியை 15 நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் டொமைனை நிறுத்திவிடுவார்கள். இணைப்பை அழுத்தினால் உயிர் வந்துவிடும்.

எனக்குக் கேம் தெரியாதும்மா. 12 வயது மகன் வீட்டுக் கம்ப்யூட்டரில் சர்வர் வைத்து டொமைனும் வாங்கித் தரச் சொல்கிறான். ஆபத்தா?

பயப்பட வேண்டாம் அண்ணி, ஆனால் வீட்டில் வைக்க விடாதீர்கள். அந்தப் பெயர் தெரிந்த யாரும் உங்கள் வீட்டு இணைப்பின் ஐபியைப் பார்க்கலாம். சண்டை போட்டுக்கொண்ட ஒரு பையன் அந்த ஐபிக்குக் குப்பைப் போக்குவரத்தை அனுப்பினால் வீட்டில் எல்லாருக்கும் இணையம் போய்விடும். வாடகை சர்வர் என்றால் அந்த அடி வீட்டுக்கு வராது. டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் வாங்குங்கள். முதல் வருட விலையை மட்டும் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையையும் பாருங்கள், பல இடங்களில் அதுதான் அதிகம்.

பெயரைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லும் முன் அவனை ஒன்று செய்யச் சொல்லுங்கள். சர்வரில் வைட்லிஸ்ட் ஆன் என்று கட்டளை கொடுத்துவிட்டு, தெரிந்த நண்பர்களை மட்டும் வைட்லிஸ்ட் ஆட் மூலம் ஒவ்வொருவராகச் சேர்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பட்டியலை ஒருமுறை படியுங்கள். யார் யார் என்று அவனே சொல்வான்.