காளிகேசம் ஓடைப் பாறையில் கண்ட தாவரம் குறித்து

வணக்கம் ஐயா. குமரி மாவட்டக் காளிகேசம் ஓடைப் பாறையில் தாங்கள் படமெடுத்த லிவர்வொர்ட் (பாசிபோல் ஈரப் பரப்பில் படரும், பூக்காத சிறு தாவரம்), ஈக்வடார் நாட்டில் மட்டுமே வாழும் கொலூரா இர்ரோரேட்டாவாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள்; அதற்கு வாய்ப்பில்லை. 1857இல் தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்புரூஸ் அந்நாட்டின் டோப்போ ஆற்றங்கரையில் சேகரித்து, பின்னர் 2002இல்தான் மீண்டும் கண்டறியப்பட்ட அந்த இனம், தண்டும் நுண்ணிலைகளும் கொண்டு, வெள்ளம் அவ்வப்போது மூழ்கடிக்கும் புதர்க் கிளைகளில் தொற்றி வளர்வது. தங்கள் படத்திலோ (படம் மிகத் தெளிவு!) கவைகவையாகப் பிரிந்த தட்டை உடலும், அதன் மேல் வட்டக் கிண்ணங்களும், அவற்றுள் பச்சை ஜெம்மாக்களும் (புதுச் செடியாக வளரும் நுண்மொட்டுகள்) தெரிகின்றன, ஆகவே அது மார்கான்ஷியா பேரினம். கிண்ணம் பிறை வடிவில் இருந்திருந்தால் லூனுலேரியா என்ற வேறொரு பேரினம் என்றிருப்பேன். இனத்தை உறுதிசெய்ய, அடிப்புறச் செதில்களையும் குடை வடிவ இனப்பெருக்க உறுப்புகளையும் மிக அருகிலிருந்து படமெடுத்து அனுப்புங்கள். வனப்பகுதி என்பதால், வனத்துறை அனுமதியின்றி எதையும் பெயர்த்தெடுக்க வேண்டாம்.