மூலை வீட்டு வேலி: சாலைப் பக்கம் ஆறடி போடலாமா?

போட முடியாது, கவுன்சிலிடம் (உள்ளாட்சி மன்றம்) திட்ட அனுமதி வாங்கினால்தான் உண்டு. இங்கிலாந்தில் வண்டி போகிற சாலையை ஒட்டிய வேலி அனுமதியில்லாமல் 1 மீட்டர் வரைதான் இருக்கலாம். மற்ற பக்கங்களில் 2 மீட்டர்.

பின்தோட்டத்து வேலிக்கு ஏன் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது என்று கேட்டிருந்தீர்கள். அந்த "2 மீட்டர்" கணக்கை நம்பித்தான் 1.83 மீட்டர் (ஆறடி) பலகைகளை வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு அது பின்தோட்டம். ஆனால் மூலை வீடு என்பதால், நடைபாதைக்கு அந்தப் பக்கம் சாலை ஓடுகிறதே, அதுதான் சிக்கல். கொடி படர மேலே வைத்த தட்டியும் உயரத்தில் சேரும்.

உடனே பிடுங்கிவிடாதீர்கள். கூகுள் தெருக்காட்சியில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பாருங்கள். ஏற்கெனவே நின்ற வேலியை உயரம் கூட்டாமல் சீரமைக்க அனுமதி தேவையில்லை. முன்பு நின்ற வேலியும் இதே உயரம் என்று தெரிந்தால் அந்தப் படத்தோடு கவுன்சிலுக்கு எழுதுங்கள். பழையதை எடுத்து மாதக்கணக்கில் காலியாக விட்டிருந்தால் இந்த வாதம் நிற்பது கடினம்.

அப்புறம், புதுக் குடியிருப்பு என்றால் வீட்டுப் பத்திரத்தையும் வாசியுங்கள். முன்பக்கம் வேலியே கூடாது என்று சில இடங்களில் எழுதியிருக்கும். கவுன்சில் அனுமதி கிடைத்தாலும் அந்த நிபந்தனை நீங்காது.