வைப்பை உடைத்து மின்சாரக் கார் வாங்கலாமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு, கோட்டையில் வேலை. பழைய வாகன் ஆர் ஹைபிரிட்டை விற்று, 40 இலட்சம் நிலையான வைப்பையும் உடைத்து முற்பணம் கட்டி, மீதிக்கு லீசிங் போட்டுப் புதிய மின்சாரக் கார் வாங்கும் யோசனை. மாதத் தவணை 160,000 ரூபாய். பெற்றோல் மிச்சத்தில் சமாளிக்கலாமா?

பதில்: முடியாது. போக வர 18 கிலோமீட்டர், ஞாயிறு ஓட்டத்தையும் சேர்த்தால் மாதம் 600 என்று வைப்போம். காலி வீதி நெரிசலில் லீட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் 40 லீட்டர். லீட்டர் 300 ரூபாய் என்றால் 12,000. கரன்ட் இனாமாகவே கிடைத்தாலும் உங்கள் மிச்சம் அவ்வளவுதான்.

வைப்பைப் பாருங்கள். 8 சதவீத வட்டியில் 10 சதவீத வரி கழிந்தாலும் மாதம் 24,000 ரூபாய் வருகிறது. உங்கள் பெற்றோல் செலவைப் போல் இரு மடங்கு! அதை உடைத்துவிட்டுப் பெற்றோலை மிச்சம் பிடிப்பது என்ன கணக்கு?

கரன்ட் இனாமும் இல்லை. யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடினால் மாதம் 100 யூனிட் கூடும். வீட்டில் ஏசி இருந்தால் பில் 180 யூனிட்டை எளிதில் தாண்டும். அதற்கு மேல் போகும் யூனிட்டுக்குத்தான் விலை அதிகம். அது சரி, சார்ஜ் எங்கே செய்வீர்கள்? ஆறாம் மாடியிலிருந்து வயர் தொங்கவிட முடியாது. கீழே தரிப்பிடத்தில் இருக்கும் பிளக் பொது மீட்டரில் ஓடுகிறது என்றால், இரண்டாம் மாதமே பக்கத்து வீட்டார் கேள்வி கேட்பார்கள்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்ததிலிருந்து பிவைடி என்ற சீன மின்சாரக் கார்களைப் பார்த்து ஆசைப்படாதவர் குறைவு. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற கால்வலியும் மறக்காது. ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் 13 மணி நேர மின்வெட்டும் இருந்ததே!

தனி வீடு, கூரையில் சோலார், தினம் 100 கிலோமீட்டர் ஓட்டம் என்றால் என் பதில் வேறு. பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் மலிவாகக் கிடைக்கிறதே என்றும் சிலர் கேட்பார்கள். அதன் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை, கொழும்பு வெக்கை ஆகாது. டேஷ்போர்டின் வலது ஓரத்தில் பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் 12 சிறு கோடுகள் நிற்க வேண்டும். முதல் கோடு மறைந்திருந்தாலே கொள்ளளவில் ஏறக்குறைய 15 சதவீதம் போய்விட்டது.

இப்போதைக்கு ஹைபிரிட்டையே ஓட்டுங்கள். தொடர்மாடியின் அடுத்த கூட்டத்தில் தரிப்பிடத்துக்குத் தனி மீட்டர் கேட்டுப் பாருங்கள். அது கிடைத்தபின் மறுபடி எழுதுங்கள்.